மேடத்தின் காட்டில் ஒரு மஞ்சள் பூ

ஊருக்குத் திரும்பியதும் இதை வீட்டுக்காரரிடம் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்ற கவலை, மலைப்பாதையில் முதல் அடி வைக்கும்போதே நவநீதத்துக்கு வந்துவிட்டது. பிள்ளை அங்கே என்னதான் வேலை பார்க்கிறாள் என்று ஒன்று விடாமல் பார்த்துவந்து சொல்லு என்று அவர் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நவநீதம் எதைச் சொன்னாலும் வாலில் தொடங்கித் தலைக்கு வருவாள். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ரசத்தில் புளி போதாததை அரைமணி நேரம் சொன்னவள் அவள். மாப்பிள்ளை எப்படி என்று அவர் கேட்டபோதுதான், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அதனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் வரிசையாக மனசில் போட்டுக்கொண்டே போகவேண்டும். முதலில் பச்சை பெயின்ட் அடித்த கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுக்கட்டடம். அதன் வாசலில் காக்கிப் பேண்ட், காக்கிச் சட்டை, தொப்பி, கையில் கம்போடு மேகலா. இல்லை, மேகலா இல்லை, மேடம். நேற்றே மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். டிக்கெட் எடுத்து வருகிற மற்ற ஆட்களைப் போலத்தான் நீயும். அங்கே வந்து கண்ணு என்பது, சாமி என்பது, சட்டைக் காலரை இழுத்து விடுவது, சாப்பிட்டாயா என்று கேட்பது ஒன்றும் கூடாது. வனக்காப்பாளர் வேலையில் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் முடிகிறது, ரேஞ்சர் நல்லபடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம், அவரே நாளைக்குக் கேட்டில் வந்து உட்காரப்போகிறார். நவநீதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் காலையில் அந்தத் தொப்பியோடு மகளைப் பார்த்ததும் கண்ணு என்று வாய்வரை வந்துவிட்டது. ரேஞ்சர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணு கூசுதுங்க மேடம் என்று எப்படியோ முடித்தாள். வெயிலே இல்லை, பனி மூட்டம்தான் இருந்தது. முதல் வார்த்தையே கோணல், இனி எப்படிப் போகுமோ.

மொத்தம் ஐந்து பேர்தான் நடக்க வந்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த கேமராக்காரர், கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள், நவநீதம், கடைசியில் வாட்சர் மாதன். முன்னால் மேடம். மாதன் இந்தக் காட்டை ஒட்டிய ஊர்க்காரர், தோளில் ஒரு சாக்கு, கீழே மிட்டாய்த் தாள் கிடந்தாலும் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்வார். பேச்சு கிடையாது. கிளம்பும் முன் மேடம் எல்லாரையும் நிற்கவைத்துச் சட்டம் சொன்னாள். ஐந்து கிலோமீட்டர், ஒரு சுற்றுச் சுற்றி இதே கேட்டுக்கு வந்துவிடலாம். சத்தம் போடக்கூடாது, பிளாஸ்டிக் போடக்கூடாது, காட்டெருமையைப் பார்த்தால் ஓடக்கூடாது. ஓடக்கூடாது என்றால் வேறு என்னதான் செய்வது என்று நவநீதம் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. கடைசியாகத்தான் பூவைப் பற்றிச் சொன்னாள். "தொடணும்னு கை போகும். கண்ணால தொடுங்க, போதும். ஒரு பூ போச்சுன்னா ஒரு விதை போச்சு." இதை வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லவேண்டும் என்று நவநீதம் இரண்டு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மைக் இல்லாமலேயே கணீரென்று பேசுகிறாளே, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் பேர் கொடு என்றால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள், அவளா இவள். நவநீதத்தின் காலில் மகள் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த கேன்வாஸ் ஷூ. சேலைக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் தெரிந்தது. ஒரு கல்லில் கால் வைத்தால் அந்தக் கல் ஆடுமோ என்று அடுத்த கல்லை யோசித்து, அதற்குள் முதல் கல்லே ஆடியது. மூச்சு வாங்கியது. வலது முட்டியில் சின்னதாக ஏதோ சொடுக்கியது. முட்டி இன்றைக்கா போகவேண்டும், ரேஞ்சர் இருக்கிற நாளிலா, ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தால் மேகலாவைத்தானே கேட்பார்கள் என்று பயந்துகொண்டே வளைவைத் திரும்பினாள். அங்கே பயத்தை வைத்துக்கொள்ள இடமே இல்லாமல் பூ. போன வாரம் பெய்த மழையில் புல்மேடு முழுக்கப் பூத்துக் கிடந்தது. கடுகளவுக்கு நீலம், பட்டன் அளவுக்கு வெள்ளை, தொட்டால் காகிதம் போலச் சலசலக்கும்போல் ஒன்று. சரிவில் முறுக்கிக்கொண்டு நின்ற காட்டுப்பூவரசு மரங்களில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு, இலையே தெரியவில்லை. பூ என்றால் அவளுக்குத் தெரியும், மல்லி, அரளி, செவ்வந்தி, கனகாம்பரம், முழம் என்ன விலை என்று காலையில் எழுந்ததும் தெரியும். இது யாரும் முழம் போடாத பூ. பூத்துவிட்டுச் சும்மா நிற்கிறது. யார் தலைக்கும் போகவில்லை, எந்தச் சாமி படத்துக்கும் போகவில்லை, ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதற்கு என்று தெரியாமல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதையோரத்தில் ஒவ்வொரு பூவுக்கும் மஞ்சள் பலகையில் பேர் எழுதியிருந்தார்கள். ஏழாம் வகுப்போடு அவளை நிறுத்தித் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்காரவைத்துவிட்டார்கள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். முதல் வரியை முடித்து இரண்டாம் வரிக்கு வரும்போது மற்றவர்கள் அடுத்த பலகைக்குப் போயிருப்பார்கள். பின்னால் மாதன் மட்டும் காத்துக்கொண்டு நிற்பார், அவசரமில்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. அவருக்காகவே அவள் பாதிப் பலகையோடு நகர்ந்தாள்.

மூன்றாவது வளைவிலோ நான்காவது வளைவிலோ அந்த மஞ்சள் பூச்செடி இருந்தது. எண்ணாமல் விட்டது தப்பு, வீட்டுக்காரர் கேட்பார். ஆள் உயரப் புதர், பாதைக்கு மேலே சாய்ந்து, தோள் மட்டத்தில் தலை நீட்டிக்கொண்டு, ஐந்து இதழில் நல்ல மஞ்சள், நடுவில் மயிர்மயிராக மகரந்தம். மேடம் அதற்கு ஒரு நீளமான பேரைச் சொன்னாள். மாதன் வேறொரு பேரை முணுமுணுத்தார். இரண்டும் நவநீதத்தின் மனசில் ஒட்டவில்லை, ஏனென்றால் அவள் அப்போது பேங்க் மேனேஜர் வீட்டு நாயை நினைத்துக்கொண்டிருந்தாள். தாராபுரத்தில் தினமும் விடியும்போது ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு சாமிக்குப் பூப் பறிக்கப் போவாள். மேனேஜர் வீட்டுச் செம்பருத்தி, பம்புசெட் வீட்டு அரளி, டாக்டர் வீட்டு நந்தியாவட்டை. காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்ட பூ தெருவுக்குச் சொந்தம், இது அவளுடைய சட்டம், தெருவில் எல்லாப் பெண்களுடைய சட்டமும் அதுதான். கிளை ஆடக்கூடாது, ஆடினால் நாய் எழுந்துகொள்ளும். கட்டைவிரல் நகத்தை அதற்கென்றே கொஞ்சம் நீளமாக விட்டிருந்தாள். காம்பில் நகம் பதிய ஒரு கிள்ளு, அவ்வளவுதான், பூவுக்கே தெரியாது. அந்த நாய் இந்த நேரத்துக்கு என்னைத் தேடுமா, தேடாது, நிம்மதியாகத் தூங்கும் என்று நினைத்து, உதட்டில் பிள்ளையாரப்பா என்று சொல்லிக்கொண்டே இருபது அடி நடந்திருப்பாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பார்த்தாள். மஞ்சள் பூ. காம்பில் நகத்தின் வெட்டு. நானா, எப்போது, நான் நாயையல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பூ போனால் ஒரு விதை போயிற்று, கண்ணால தொடுங்க, பெற்றவளே நகத்தால் தொட்டுவிட்டாளே. கீழே போட்டுவிடலாம். போட்டால் மாதன் குனிந்து எடுப்பார், தானாக விழுந்த பூவுக்கும் நகம் பட்ட காம்புக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர். போட்டால்தான் என்ன, பிள்ளையாரப்பா என்று சொல்லிப் பறித்த பூவைக் கால் படுகிற இடத்தில் எப்படிப் போடுவது. இடுப்பில் செருகலாம், கேட்டில் சோதனை போட்டால். தலையில் வைக்கலாம், அது பறித்தேன் என்று பலகையில் எழுதி மாட்டிக்கொள்வதுபோல. வாயில் போட்டு மென்றுவிடலாம், விஷமாக இருந்தால் திரும்பவும் ஸ்ட்ரெச்சர். இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது. உன்னை எதற்கு அனுப்பினேன் என்பார். முன்னால் மேகலாவின் தொப்பி மேலும் கீழும் அசைந்து போனது, பின்னால் மாதனின் சாக்கு சரசரவென்று வந்தது, நடுவில் அவள் கையில் அந்தப் பூ கனத்தது, இரண்டு தேங்காயைப் பிடித்திருப்பதுபோல. பூ இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. திரும்பிப் போக முடியாது, ஆனால் எந்தச் செடியானால் என்ன, செடிக்குச் செடி சொந்தம்தானே. மாதன் ஷூ கயிறு கட்டக் குனிந்த நேரம் பார்த்து, பக்கத்திலிருந்த காட்டுப்பூவரசின் கிளை இடுக்கில் பூவைப் பக்குவமாக வைத்து, முகம் மேலே பார்க்கும்படி திருப்பியும் விட்டாள், சாமி படத்துக்கு வைப்பதுபோல. வைத்துவிட்டு நாலு அடி நடந்ததும் உடம்பு லேசாகிவிட்டது. மலை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று திரும்பவும் தெரிந்தது.

அந்த நிம்மதி ஒரு பத்து அடி தூரம் இருந்திருக்கும். சிவப்புப் பூவைப் படம் எடுக்க அந்த மரத்துக்குத் திரும்பிப்போன கேமராக்காரர் பின்னாலிருந்து மேடத்தைக் கூப்பிட்டார். இந்த மரத்தில் மஞ்சள் பூவும் பூக்குமா என்று ஆச்சரியமாகக் கேட்டார், இது மாதிரி தான் எங்குமே பார்த்ததில்லை என்றார். மேடம் வந்து பார்த்தாள். பூவை எடுத்தாள். காம்பைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. சின்ன வயசில் பலப்பம் தொலைந்துபோனால் இப்படித்தான் உதட்டை மடிப்பாள், இது தெரிந்தது நவநீதத்துக்கு மட்டும்தான். யார் பறித்தது என்று மேடம் ஒருமுறைதான் கேட்டாள். கல்லூரிப் பெண்களில் குட்டையானவள் தரையைப் பார்த்தாள். அவளைத்தான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், நீலப் பூவைத் தொடப்போனதற்கு மேடம் ஒருதரம் கண்டித்திருந்தாள். இப்போது எல்லார் கண்ணும் அந்தப் பெண்மீது போனது. கேமராக்காரர் இருமினார். நான் இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள், சொன்ன மாதிரியே இல்லை, அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. மேடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டில் பதிவேடு ஒன்று இருக்கிறது, போன ஆட்கள் எதையும் பறிக்கவில்லை என்று கூட்டிப்போனவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், இன்றைக்கு என்னால் அப்படி எழுத முடியாது, யாரென்று தெரியவில்லை என்று எழுதினால் என்னோடு வந்தவர்களை நான் கவனிக்கவில்லை என்று ஆகும், அவ்வளவுதான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நவநீதம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இப்போதே சொல்லிவிட்டால் என்ன. சொன்னால் அம்மாவே பறித்தாள் என்று ஆகிவிடும், நாளைக்கு ரேஞ்சர் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் கவனிக்கவில்லை என்று ஆகும். சொன்னாலும் அவளுக்கு, சொல்லாவிட்டாலும் அவளுக்கு. நடுவில் அந்தக் குட்டைப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தாள், தோழி அவள் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். அதற்கும் ஒரு அம்மா எங்கோ அடுப்படியில் நின்றுகொண்டு, பிள்ளை சந்தோஷமாக மலை ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நவநீதம் தன் கையைப் பார்த்தாள். விரல் நுனியில் மஞ்சள் பொடி. சேலையில் துடைத்தாள். சேலையில் ஒட்டியது. அதைத் தலைப்பால் மூடினாள். காட்டெருமை ஒன்று இப்போது வந்தால்கூடத் தேவலை, எல்லாரும் பூவை மறந்துவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது, ஐயோ வரவேண்டாம் என்று உடனே அதற்கும் சேர்த்துக் கும்பிட்டாள். இவ்வளவுக்கும் நடுவில் இறக்கத்தில் ஒரு திருப்பத்தில், ஓடை ஓரத்தில், வெங்காயத்தாள் பூ மாதிரி நூறு இருநூறு ஊதாப் பூக்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பயத்தையும் மீறி நின்று பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

கேட்டில் ரேஞ்சர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தடிமனான கண்ணாடி, வெற்றிலைக் காவி இல்லாத வாய், அதிகம் பேசமாட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. மேடம் சல்யூட் அடித்தாள். அந்தச் சல்யூட்டை வீட்டுக்காரரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். பூவை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லி, பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தாள். பேனா முனை தாளைத் தொடப்போனது. ரேஞ்சர் அந்தக் குட்டைப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்தார். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, நவநீதம் மேசைக்கு முன்னால் போய் நின்றிருந்தாள்.

"மேடம், அந்தப் பூவப் பறிச்சது நானுங்க. இந்தப் புள்ள இல்லீங்க."

பேனா நின்றது. மேகலா நிமிர்ந்தாள். கண் ஒரு கணம் மகளுடைய கண்ணாக இருந்தது, பிறகு மேடத்துடைய கண்ணாக ஆனது. எதற்குப் பறித்தீர்கள் என்று கேட்டாள்.

"தெரிஞ்சு பறிக்கலீங்க. கை பறிச்சிருச்சு."

"கை உங்களுதுதானுங்களே?"

"ஆமாங்க மேடம்."

மாதன் முதல்முறையாகச் சிரித்தார், சத்தமில்லாமல், சாக்கு மட்டும் குலுங்கியது. மேடம் இழுப்பறையைத் திறந்து அபராதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பேர் கேட்டாள். நவநீதம் சொன்னாள். வயசு கேட்டாள். ஐம்பத்திரண்டு. ஊர், தாராபுரம். கணவர் பேர் என்று கேட்டதும் நவநீதத்துக்கு வாய் அடைத்துக்கொண்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் வேறு யாராவது சொல்வார்கள். கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு மகளின் தோளை இடிப்பாள், மேகலாதான் ஐந்து வயசிலிருந்து அப்பா பேரைச் சத்தமாகச் சொல்லுவாள், நட்சத்திரத்தோடு. இப்போது யார் தோளை இடிப்பது. ரேஞ்சர் காத்திருந்தார். கேமராக்காரர் காத்திருந்தார். சொல்லித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது, காட்டில் வந்து இதுவும் ஒரு சோதனையா என்று நவநீதம் உதட்டைப் பிரித்தாள். காற்றுதான் வந்தது. அதற்குள் பேனா ஓடியது. திருமலைசாமி என்று முழுசாக எழுதி, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க சொல்லவே இல்லையேம்மா, நீயா ஒரு பேரு எழுதற?"

மேகலாவின் காது சிவந்தது. பேனாவை வைக்கவில்லை. "எங்கப்பா பேரு எனக்குத் தெரியும் சார்."

குட்டைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே முதலில் சிரித்தது, பிறகு தோழி, பிறகு கேமராக்காரர். இனி எல்லாம் போயிற்று என்று நவநீதம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரேஞ்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தார், பூ எத்தனை என்று போடவில்லையே என்றார். ஒன்று சார் என்று மேகலா எழுதிக் கொடுத்தாள். அவர் அதில் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து நவநீதத்திடம் அவரே நீட்டினார். பிறகு மெதுவாக, ஏதோ சொந்தக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார். "உங்க பொண்ணப் பத்தி எனக்கு ஒரே ஒரு குறைதானுங்கம்மா இருந்துச்சு. முகத்தப் பாத்துச் சிரிச்சே விட்டுருவா, யாரு மேலயும் அபராதம் எழுதமாட்டான்னு. இந்த மாசம் ரிப்போர்ட்ல அதை எழுத வேண்டியதில்ல."

நவநீதத்துக்கு அது சரியாகப் புரிய இரண்டு மூச்சு ஆனது. எழுத வேண்டியதில்லை என்றால் நல்லதா கெட்டதா என்று மகள் முகத்தைப் பார்த்தாள். நல்லதுதான், உதடு மடியவில்லை. பணத்தைக் கட்டிச் சீட்டை நாலாக மடித்து மணிபர்சில் வைக்கும்போது மேகலா பக்கத்தில் வந்து பதிவேட்டைப் பார்க்கிறமாதிரி குனிந்து, வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு என்று பல்லிடுக்கில் சொன்னாள். சரிங்க மேடம் என்றாள் நவநீதம். இருவருக்கும் சிரிப்பு வந்து, இருவரும் வேறுவேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குட்டைப் பெண்ணிடம் போய், கோவிச்சுக்காத சாமி என்று அவள் கன்னத்தைத் தொட்டாள். அந்தப் பெண், பரவாயில்லைங்க ஆன்ட்டி, எனக்கும் பறிக்கணும்னுதான் இருந்துச்சு என்றது.

அவர்களை ஏற்றிப்போகிற ஜீப் கீழே அரை மைல் தள்ளி நின்றது. கேட்டைத் தாண்டியதும்தான் நவநீதம் பார்த்தாள், காலையில் பனிமூட்டத்தில் தெரியவில்லை, ஜீப் ரோட்டின் இரண்டு பக்கமும் அதே மஞ்சள் பூ, மலைக்கு மேலே இருந்ததைவிட அதிகமாக, தோள் மட்டத்தில், ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு, நாய் இல்லாத தெருமாதிரி. விரல்கள் லேசாகத் துறுதுறுத்தன. அவள் நின்றாள். மனசை நம்பலாம், நல்ல மனசுதான். கையைத்தான் நம்பமுடியாது, அது ஏழாம் வகுப்புக்கூடப் படிக்கவில்லை. கல்லூரிப் பெண்களிடம் போய் இரண்டு பையையும் கொடுங்க, நான் தூக்கிட்டு வர்றேன் என்றாள். வேண்டாம் ஆன்ட்டி, கனம் என்றார்கள். கனமாக இருந்தால் ரொம்ப நல்லது என்று ஒன்றை வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் வாங்கிக்கொண்டாள். அதுவும் போதாமல் கேமராக்காரரின் மூன்று கால் ஸ்டாண்டைக் கேட்டு வாங்கி வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு ரோட்டின் சரியான நடுவில், எந்தப் பக்கத்துப் பூவுக்கும் எட்டாத தூரத்தில், இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்கி நடந்தாள்.